அம்மாள் கேட்காத விரதம்

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே அரியநாயகம் ஆளை எடைபோடுவார். நயினாதீவு இறங்குதுறையில் இருக்கும் அவருடைய கொட்டிலில், சீனி போடவா என்று கேட்கும் வழக்கமே இல்லை. "உமக்கு வயிறு வைச்சிட்டுது, சீனி வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பனங்கட்டித் துண்டொன்றைக் கையில் வைப்பார். அவரோடு வாதாடி வென்ற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

வயது ஐம்பத்தெட்டு. முன்பு தெற்கே கடை வைத்திருந்தவர். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். எழுதும்போது பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன். "ஏன், என்ரை பேருக்கு என்ன குறை?" என்றார். போதுமா எனக்கு!

அதற்கு நாள்தோறும் ஒரு மருந்துக் குளிசை. அதை ஒழுங்காகப் போட்டால் ஆள் கல்லுப்போல இருப்பார். ஆனாலும் மூன்று வருடம் தொடர்ந்து, ஐப்பசி பிறந்ததும் அவரைக் கதிரையோடு தூக்கிப் படகில் ஏற்றவேண்டி வந்தது. பெரியாஸ்பத்திரி வாட்டில் அதே காய்ச்சல், அதே இளைப்பு. குளிசை போடுகிறீர்களா என்று கேட்ட டொக்டர்மாருக்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டியிருக்கிறார்.

உண்மையைப் போட்டுடைத்தவர் மனைவி சறோஜினிதேவி. ஆனியில் அம்மன் கோயில் கொடியேறுமுன் வீடு கழுவி, மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டிகளைப் பின்கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். குளிசைப் போத்தலும் அவற்றோடு போய்விடும். குளிசையில் மச்சம் கலந்திருக்கிறது என்பது மனிசனின் சொந்தக் கண்டுபிடிப்பு. திருவிழா முடிய ஆடிச் செவ்வாய், பிறகு ஆவணி ஞாயிறு, புரட்டாசிச் சனி. விரதங்கள் முடிந்து போத்தல் வீட்டுக்குள் வரும்போது ஆள் பாயோடு பாய்.

இதைக் கேட்ட தாதி மாக்கிறேற் கோபிக்கவில்லையாம். கட்டில் ஓரத்தில் வந்து இருந்தாராம்.

"ஐயா, நானும் தவக்காலத்திலை ஒருசந்தி விரதம் பிடிக்கிறனான். பிறசர் குளிசையை விடுறேல்லை. வந்து வாட்டிலை கிடவெண்டு உங்கட அம்மாள் கேட்டவவோ?"

அடுத்த கொடியேற்றத்துக்கு, சறோஜினிதேவி போத்தலைச் சாமியறையில் அம்மன் படத்தடியில் வைத்தார். அந்த ஐப்பசியில் அரியநாயகம் கொட்டிலில் நின்று தேத்தண்ணி ஆற்றினார்.

இந்த வருடம் அவருக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. தேருக்குப் பின்னால் பிரதட்டை உருளவேண்டும். பழைய நேர்த்தி, உடம்பு விடாமல் தள்ளிப்போனது. வேண்டாமப்பா என்று மனைவி மன்றாடினார். கேட்கிற ஆளா?

நானும் கூடவே நடந்தேன். சுடுமணல். தெற்கு வீதி மூலையில் உருளுவது நின்றுவிட்டது. கவிழ்ந்தபடி கிடந்தார். சறோஜினிதேவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். தூக்கலாம் என்று இரண்டு பேர் குனிந்தார்கள். ஒரு கையை உயர்த்தி அவர்களை விலக்கிவிட்டு, "அம்மாளே" என்று புரண்டார். பிறகு நிற்கவேயில்லை.

வாசலில் தானாகவே எழும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிசனை நினைக்க அவ்வளவு பெருமை. அவரோ மனைவியிடம் கையை நீட்டிக் குளிசையை வாங்கினார்.

"தம்பி, ஒரு படம் எடும். மாக்கிறேற் மிஸ்ஸுக்கு அனுப்பவேணும்."

உடம்பில் ஒட்டின மண்ணைத் தட்டாமல், நெஞ்சை நிமிர்த்தி நின்றார். தேர் பார்க்க வந்த சனம் முழுக்கப் பார்த்திருக்க, குளிசையை நாக்கில் வைத்து, நாக்கை வெளியே நீட்டினார்.