நீ என்றால் ஒரு மாதம்

கல்பனாவுக்கு இருபத்தொன்பது வயது. ஆந்திராவில் பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். ஒரே கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போகிறோம். அவள் சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவள், நான் பேக்கிங். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். கல்பனாவுக்கு உயிர் இருப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான் என்று நான் கேலி செய்வேன். அவள் மறுக்க மாட்டாள்.

போனில் அவள் மற்றவர்களைப் போல வீடியோ பார்ப்பதில்லை. 'கைவாக்கு' என்று ஒரு தமிழ் விசைப்பலகை இருக்கிறது. இரண்டு எழுத்து அடித்தால் மிச்ச வார்த்தையை அதுவே ஊகித்துக் காட்டும். அது எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. உள்ளே இருக்கிற நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு முடிகிறதோ அவர்கள் பிழை திருத்தலாம், வார்த்தை சேர்க்கலாம், எல்லாம் சம்பளமில்லாத வேலை. சென்னை, கோவை, சிங்கப்பூர், கனடா என்று நானூறு பேர் ஒரு இணைய மன்றத்தில் கூடிப் பேசி இதை நடத்துகிறார்கள். நானூறு பேர் கூடினால் நாலு பேர் அடித்துக்கொள்ளத்தானே செய்வார்கள். அதை விலக்கிவிடுகிற மட்டுறுத்துநர் கல்பனா. இந்தச் சொல்லை அவள் எனக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாள். பஞ்சாயத்து பண்ணுகிறவள் என்று நான் மனதில் போட்டுக்கொண்டேன்.

சம்பளமில்லாமல் எதற்கு இந்தத் தலைவலி என்று ஒரு நாள் கேட்டேன். அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மன்றத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படம் பிடித்து வைத்திருந்தாள். "கல்பனா அவர்களே, நீங்கள் செய்த திருத்தம் மிகவும் உதவியாக இருந்தது." அவ்வளவுதான். எங்கள் லைன் லீடர் அவளைவிட ஆறு வயது சின்னவன். "ஏய் அம்மாயி, இட்ரா" என்றுதான் கூப்பிடுவான், தெலுங்கில் 'ஏய் பொண்ணே, இங்க வா' என்று. அவளுக்கு ஒரு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கைவாக்குக்கு நடத்தை விதிகள் வேண்டும் என்று பேச்சு வந்தது. வேறு திட்டங்களில் இருந்த இங்கிலீஷ் விதிகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையைக் கல்பனா எடுத்துக்கொண்டாள். அதில் நாலாவது விதி, ஒருவரை ஒருவர் மரியாதையாக நடத்த வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவளுக்கு அது வழவழா கொழகொழாவாகப் பட்டது. மரியாதை என்றால் எது என்று தெரிய வேண்டாமா? ஆகவே இப்படி எழுதினாள்: 'உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் நீங்கள் என்றே அழைக்க வேண்டும். ஒருமையில் அழைப்பது அவமதிப்பு. மூன்று பேர் புகார் செய்தால், இரண்டு நாளுக்குள் அந்த உறுப்பினர் ஒரு மாதம் விலக்கி வைக்கப்படுவார்.' மன்றமே கை தட்டியது. தமிழுக்கென்றே எழுதப்பட்ட விதி என்று பாராட்டினார்கள். அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், அதில் என் முகம் அவ்வளவு நன்றாக இருக்காது.

போன வருஷம் ஆடி மாதத்தில் துலுக்காணம் என்றொருவர் மன்றத்துக்குள் வந்தார். பிச்சாட்டூர் அணையில் மதகு திறந்து மூடுகிற வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்த முதல் நாளே சண்டைக்காரராகத்தான் வந்தார். "நான் துன்னுட்டேன்னு அடிச்சா இது துண்டுன்னு மாத்திக்கினே கீது. எவன் நைனா இத செஞ்சது?" என்று எழுதியிருந்தார். துன்னுவது என்றால் எங்கள் பக்கம் தின்பது. பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு கல்பனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வார்த்தை இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம் ஐயா என்று வழி சொல்லிக்கொடுத்தாள். மனிதர் பிடித்துக்கொண்டார். மீன் வகைக்குப் பன்னிரண்டு பெயர், சேற்றில் நாலு விதம், எங்கள் பக்கம் வாயில் புழங்குகிற, எந்த அகராதியிலும் இல்லாத வார்த்தைகள். மதகு மேட்டில் உட்கார்ந்துகொண்டு ஆறு மாதத்தில் அறுநூறு வார்த்தை அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றோடும் ஒரு வரி வரும். "நல்லா கீறியா கல்பனாம்மா, துன்னியா? இதயும் சேத்துக்கோ."

அவர் 'நீ' என்று எழுதுவதை அவள் கவனிக்காமல் இல்லை. புகார் வரவில்லை, அதனால் விட்டுவிட்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பது என் எண்ணம். ஆனால் தானும் அதே அணைத் தண்ணீரைக் குடிப்பவள் என்று அவருக்குக்கூட அவள் சொல்லவில்லை. மன்றத்தில் யாருக்கும் அவள் எந்த ஊர் என்று தெரியாது. அச்சு போல எழுதுவாள், தஞ்சாவூர் பக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

தை மாதம் சுதீர் குறுக்கே வந்தார். சுதீர் மன்றத்தின் பழைய ஆள். பாதி நிரல் அவர் எழுதியது, அவர் கையை எடுத்தால் கைவாக்கு படுத்துவிடும். துலுக்காணத்தின் வார்த்தைப் பட்டியலுக்குக் கீழே அவர் எழுதினார்: "ஐயா, தங்கள் உழைப்பை வணங்குகிறேன். தங்கள் வட்டாரத்தில், குறிப்பாகத் தங்கள் மக்களிடையே, இவ்வாறு 'துன்பது' வழக்கமாக இருக்கலாம். எனினும் படித்தவர்களும் பயன்படுத்தும் செயலி இது என்பதைத் தாங்கள் கனிவுடன் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்."

தங்கள் மக்களாம். எந்த மக்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. படித்தபோது எனக்கே சுருக்கென்றது.

துலுக்காணம் பதில் போட்டார்: "நீ துன்றதும் சோறுதான் நைனா, நான் துன்றதும் சோறுதான். ஒனக்கு வாய் வலிச்சா நீ உண்டுக்கோ. நீ இன்னா படிச்சிகீறியோ எனக்குத் தெரியாது, ஆனா ஒன் டப்பாவுல எங்க வார்த்தைக்கும் எடம் கீது இல்ல?"

மூன்று 'நீ', ஒரு 'ஒன்', ஒரு 'ஒனக்கு', ஒரு 'நைனா'. எங்கள் ஊரில் நைனா என்றால் அப்பா. பிரியமாகப் பேசும்போது தெரியாத ஆளையும் நைனா என்போம். வெளியூர்க்காரர்களுக்கு அது ரௌடி பாஷையாகக் காதில் விழுகிறது போல. மறுநாள் காலை பஸ் சத்தியவேட்டைத் தாண்டும்போது கல்பனாவின் போனில் மூன்று புகார்கள் வந்திருந்தன. மூன்றும் நாலாவது விதியின் கீழ்.

"இப்ப இன்னா பண்ணப் போற?" என்றேன்.

"தெரியலக்கா," என்றாள். பஸ் கேட்டுக்கு வந்தது, போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு எட்டு மணி நேரமும் அவள் லென்ஸுக்குக் கீழே என்ன பார்த்தாளோ. குறையுள்ள இரண்டு போர்டுகளை விட்டுவிட்டாள் என்று லைன் லீடர் எல்லார் எதிரிலும் கத்தினான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள். முதலில் துலுக்காணத்துக்குத் தனியாக எழுதினாள். ஐயா, அந்தப் பதிவில் நீ என்று இருப்பதை நீங்கள் என்று மாற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும். உடனே குரல் செய்தி வந்தது. என் காதிலும் ஒரு பக்கம் வைத்துக் கேட்கச் செய்தாள்.

"நான் இன்னா தப்பா சொன்னேன் கல்பனாம்மா? நைனான்னுதான சொன்னேன். நீங்க நாங்கன்னு ஆபீசருங்களத்தான் சொல்றது. நம்ம ஆளுங்கள எதுக்கு வேத்து ஆளாக்கணும்? அது எனக்கு வராது, வுட்டுடு."

அடுத்தது சுதீர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா என்று பார்த்தாள். அவர் எழுதியதைப் பத்துத் தடவை படித்தாள். வணங்குகிறேன், தாங்கள், கனிவுடன். எந்த விதியைக் கொண்டு பிடிப்பது? மரியாதை என்றால் இதுதான் என்று எழுதிக்கொடுத்ததே அவள்தான். அந்த மனிதர் அதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். அந்தப் பழைய வழவழா வாசகத்தையே விட்டிருந்தால் சுதீரைக் கேள்வி கேட்டிருக்கலாம். இதை அவள் தானாகவே சொன்னாள்.

கடைசியாக, நாலாவது விதியை மறுபடி யோசிக்கலாமா என்று மன்றத்தில் பொதுவாகக் கேட்டு வைத்தாள். பதில் சுதீரிடமிருந்துதான் முதலில் வந்தது. "விதியை இயற்றிய தாங்களே ஒருவருக்காகத் தளர்த்துவது வியப்பளிக்கிறது. தாங்களும் அந்த வட்டாரமோ?" அதற்குக் கீழே இருபது பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, கெடு முடிய ஒரு பகல்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆமாம்னு சொல்லேன். நானும் அந்த ஊருதான், நாங்களும் துன்றோம்னு எழுதிப் போடு. அந்த விதியத் தூக்கிக் கடாசு. வெறும் நீ நானுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

கல்பனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு அது வெறும் நீ நான்தான்க்கா," என்றாள்.

 அதை அவள் என்னிடம் சொல்ல வேண்டியதுதான். அவள் நைனா சின்னசாமி எங்கள் கொல்லை நிலத்தில் வேலை செய்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது அப்போது. ஏழு வயதில் என் தம்பி வரப்பில் நின்றுகொண்டு, "டேய் சின்னசாமி, மோட்டார போடுடா" என்பான். "போடறேங்க சின்னய்யா" என்று அவர் ஓடுவார். கல்பனா கூழ்த் தூக்கை வைத்துக்கொண்டு கிணற்றோரம் நிற்பாள். தம்பி மட்டும் இல்லை, நானும் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எங்களை ஒரு அதட்டல் போட்டதில்லை. இன்றைக்கும் நான் அவளை நீ என்கிறேன், அவள் என்னை நீங்க என்கிறாள். மூன்று வயது மூத்தவள் என்பதால் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய்.

"அந்த விதி போச்சுன்னா நாளைக்கு எவன் வேணா எவரையும் டேய் போடலாம்," என்றாள் கல்பனா. "எடுக்க மாட்டேன். ஆனா அவர எப்படிக்கா தூக்கறது? அவரு எங்க ஆளுக்கா. எங்க நைனா மாதிரி ஆளு."

அன்று சாயங்காலம் பஸ் நின்று நின்று ஊர்ந்தது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி பழுதாகிப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. இறங்கி நடக்கவும் வழியில்லை, ஜன்னலும் திறக்காது. கல்பனா போனில் துலுக்காணத்தின் பெயரைத் தேடி எடுத்து, 'ஒரு மாதம் விலக்கு' என்கிற கட்டத்தில் விரலை வைத்தாள். காரணம் என்று கேட்ட இடத்தில், விதி நான்கு என்று அடித்தாள். 'தங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்' என்று சுதீர் எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவள் போனைத் தொட்டது மிகவும் குறைவு. துலுக்காணம் முன்னமே அனுப்பியிருந்த வார்த்தைகள் தள்ளுபடி ஆகிவிடாமல், அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மாதம் முடிந்ததும், திரும்பி வர விரும்புகிறவர் விண்ணப்பம் எழுத வேண்டும் என்பதும் அவள் எழுதிய விதிதான். அதுவும் வந்தது. மண்டல ஆபீசில் மனு கொடுக்கிற தினுசில் எழுதியிருந்தார்.

"மேன்மை தங்கிய கல்பனா மேடம் அவர்கள் சமூகத்துக்கு, துலுக்காணம் வணங்கி எழுதிக்கொள்வது. அறியாமல் பேசிவிட்டேன். தாங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். இனிமேல் பேச மாட்டேன், வார்த்தை மட்டும் அனுப்புகிறேன்."

பாராட்டத்தக்க மாற்றம் என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். கல்பனா அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஞாயித்துக்கெழம எங்கூட அணைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள்.

போனோம். மதகுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட சின்ன அறை. உள்ளே இருந்து ஒல்லியாக, நரைத்த மீசையோடு ஒரு மனிதர் வெளியே வந்தார். "ஐயா, நான்தான் கல்பனா. கைவாக்கு கல்பனா. எனக்கும் இந்த ஊருதான். சின்னசாமி பொண்ணு," என்றாள் அவள். ஒரே மூச்சில் சொன்னாள், இத்தனை நாள் சொல்லாததெல்லாம் சேர்ந்து வந்தது போல.

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பரபரவென்று உள்ளே போய் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து துணியால் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க மேடம்."

"நீங்க ஒக்காருங்கய்யா."

"இருக்கட்டுங்க, நான் நின்னுக்கினே பேசறேங்க."

அவள் உட்காரவில்லை. நாற்காலி வெயிலில் காலியாகக் கிடந்தது. "சின்னசாமிய எனக்குத் தெரியுங்களே," என்றார் அவர், மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். "ஒங்க நைனாவும் நானும் ஒண்ணா மீன் புடிச்சவங்கங்க."

"அப்ப எதுக்குய்யா மேடம்? முன்ன மாதிரி நீன்னே கூப்புடுங்க. கல்பனாம்மான்னு கூப்புடுங்க. இங்க யாரும் இல்ல, நாமதான கீறோம்."

அவர் சிரித்தார், தலையை ஆட்டினார். கோபம் துளியும் இல்லை அவர் முகத்தில். இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"வேணாங்க மேடம். இங்க அப்பிடிக் கூப்டா, அங்க மன்றத்துலயும் வாய் தவறி வந்துரும். அப்புறம் மறுபடியும் மூணு பேரு எழுதிப் போட்டா, பாவம், நீங்களுந்தான் இன்னா பண்ணுவீங்க."