ராத்தாவின் விமானமும் எங்கள் மணிக்கூடும்

குவைத்தில் வீட்டு வேலை செய்த ராத்தா திரும்பி வரும் நாளில் உம்மாவுக்கு வேடிக்கை காட்டப் போனேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

கண்டக்குழியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தேன். உண்மையாகவே வானில் போகும் விமானங்களின் தகவலை இணையத்திலிருந்து எடுத்து, அதே இடத்தில் திரையிலும் பறக்கவிடும். அன்று காலை ராத்தாவின் விமானத்தைத் தேடிப் பிடித்து, உம்மாவைக் கதிரையில் இருத்தி, "இந்தா வாறா உங்கட மகள்" என்றேன்.

எங்கள் கரையை நெருங்கிக் கடலுக்கு மேல் வெள்ளையாக ஒரு விமானம். உம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுப்பதற்குள் விமானத்தைக் காணவில்லை. கடல் மட்டும் இருந்தது.

"பிளேன் எங்க மகன் போன?"

"ஒண்டுமில்ல உம்மா. கம்ப்யூட்டர்ல ஏதோ பிழை."

சொல்லிவிட்டு மென்பொருளை மூடித் திறந்தேன். மற்ற விமானங்கள் தலைகாட்டி மறைந்தன. ராத்தாவினது தலைகாட்டவே இல்லை. உம்மா ஓதத் தொடங்கினார். அந்த முணுமுணுப்பைக் கேட்கக் கேட்க எனக்குக் கை ஓடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ராத்தாவுக்கு அழைக்க ஃபோனை எடுத்தபோதுதான் பொறி தட்டியது. ஃபோனின் நேரத்தைவிடக் கம்ப்யூட்டரின் நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டரின் கடிகாரம் குழம்பிவிட, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் வைத்திருந்தேன். அதுவோ தொழுகை தவறக்கூடாதென்று உம்மா வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைத்த மணிக்கூடு. அதனால் அந்த நிமிடம் வரும் தகவலைக்கூடப் பழையதென்று மென்பொருள் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. எந்த மடையன் எங்கள் வீட்டுச் சுவரை நம்பி நேரம் வைப்பான் என்று உம்மாவுக்குக் கேட்கும்படி என்னையே திட்டிக்கொண்டேன்.

நேரத்தைச் சரிசெய்தேன். விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து நிலைத்தன. ராத்தாவின் விமானம் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் உண்மையில் பயந்தேன். அதுவரை பிழை கம்ப்யூட்டரில் என்று சொல்ல முடிந்தது. இனி என்ன சொல்வது? உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் நான் திரும்பவில்லை.

ஃபோன் அடித்தது.

"தம்பி, எறங்கிட்டன். உம்மாக்கிட்ட சொல்லுங்க" என்றார் ராத்தா.

இறங்கி நின்றுவிட்ட விமானத்தை அந்த மென்பொருள் காட்டாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். பயத்தில் மறந்துவிட்டேன்.

உம்மா ஃபோனை வாங்கி, "சாப்பிட்டியா மகள்?" என்று மட்டும் கேட்டார். பேசி முடித்ததும் கதிரையைச் சுவரோரம் இழுத்து ஏறி, மணிக்கூட்டின் முள்ளைப் பின்னால் திருப்பினார்.

"அப்ப தொழுகைக்கு?" என்றேன்.

"பள்ளிவாசல்ல பாங்கு கேக்கும்தானே மகன்" என்றார்.