சிவப்பு வெளிச்சத்தில் பிரித்த பிலிம்

அக்கா இந்தியா போன வாரம் பதுளையில் உயர்தர மாணவர்களுக்கு நான் நடத்திய பாடமே ஒளியின் சக்திதான். ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் எத்தனை அலை என்பது வரும். அதை ஒரு மாறிலியால் பெருக்கினால் ஒரு போட்டனின், அதாவது ஓர் ஒளித்துகளின் சக்தி. சிவப்புக்கு மூன்று என்றால் நீலத்துக்கு நாலரைக்குக் கிட்ட வந்தது. இதனால்தான் ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு பல்பு எரிகிறது, படத்தாளைக் கறுப்பாக்கச் சிவப்புப் போட்டனுக்குத் தெம்பு கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நமுனுகுலவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு ஒரேயடியாக இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ரயில். அதற்கு முதல் நாள், இரவல் கேமராவோடு போய், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த சனம் முழுவதையும் அவளோடு நிற்கவைத்துப் படமெடுத்தேன். இடம், தினமும் விடியலில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம். இஷ்டப்படி நில்லுங்கள் என்றேன். கால் பழக்கம் விடுமா? பேர் கூப்பிடும் வரிசையிலேயே போய் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு. அக்கா ஏழாவது ஆள்.

மறுநாள் நண்பகல் கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அதன் முஸ்லிம் முதலாளியை ‘நானா’, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் என்னை இருட்டறையில் தாராளமாக விடுவார். தாளில் படம் போட அங்கேதான் பழகியிருந்தேன். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியவர், பிலிமைத் தானே வந்து கழுவித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. படத்தை அக்கா கையில் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கு என்ன பயம்? சிவப்பு பல்பைப் போட்டேன், பிலிமைப் பிரித்தேன், மருந்தில் இறக்கினேன்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கறுத்துக்கொண்டே போனது. ஒரு முகம்கூட இல்லை. நானா திரும்பி வந்தபோது அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை.

“இது செவப்பயும் புடிக்கிற பிலிம், மாஸ்டர். கும்மிருட்டுலதான் தொறக்கணும்.”

கணக்கு சரி. சிவப்பின் அந்த மூன்று தாளுக்குத்தான் போதாது, பிலிமுக்குத் தாராளம். அந்த ஒன்றை யோசிக்க என் படிப்புக்குத் தோன்றவில்லை. என்மீதே வந்த வெறுப்பு இன்றும் ஆறவில்லை.

ஸ்டேஷனில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினாள். படம் இல்லை, எல்லாம் என்னால் கெட்டுப்போனது என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“விடு தம்பி. யாரு யாரு எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

பெரட்டு வரிசையிலேயே பேர்களைச் சொல்லத் தொடங்கினாள். ஆறு பேர் சொன்னாள். ஏழாவது இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, எட்டாவது பேருக்குப் போனாள். ரயில் நகர்ந்தது.