ஒழுங்கை முழுக்க வெள்ளை

கப்டன் ஐயா போய்விட்டார். இன்று காலை, ஊர்காவற்றுறையில், அவருடைய சாய்மனைக் கதிரையிலேயே.

தொண்ணூறு தாண்டிய மனுஷன். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் கடற்படைக்கு விமானம் ஓட்டியவர். பிறகு பென்ஷன் வரும்வரை பயணிகள் விமானம். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் ஜன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுக்கிற ஆள்.

சில வருடங்களுக்கு முன் நானும் விமானம் ஏற வேண்டி வந்தது. சென்னையில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். பயத்தில் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை... சரி, ஒரு நாள்.

"ஏதும் புத்தி சொல்லுங்கோ ஐயா" என்று போய் நின்றேன். பெல்ட்டு, காதடைப்பு என்று ஏதாவது சொல்லுவார் என்ற நினைப்பு.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உம்மடை இடத்திலை நீர் இரும். ஆரும் மாறி இருக்கக் கேட்டா விடாதையும்."

"ஏன் ஐயா?"

"கேளாதையும்."

அதோடு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது.

விமானத்தில் ஒரு சென்னை அம்மா கேட்டார், "தம்பி, என் வீட்டுக்காரர் அங்க இருக்கார், கொஞ்சம் மாறி உக்காருறீங்களா?" ஏலாது என்றேன். தரையிறங்கும்வரை என் பரம்பரையையே உரித்தெடுத்தார். நான் கைப்பிடியை விடவில்லை.

திரும்பி வந்து இதை நடித்துக் காட்டினேன். ஐயா சிரிக்கவில்லை. "நல்லது செய்தனீர்" என்றார். பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

அப்போது அவர் திருகோணமலையில். ஒற்றை ஆள் ஓட்டும் விமானம். ஒருநாள் நெடுந்தீவுப் பக்கம் போகும் முறை வந்தது. தன் ஊர். தாய்க்குக் கடிதம் போட்டார்: வியாழக்கிழமை வீட்டுக்கு மேலால் வருகிறேன், ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கல்வேலி, எங்கள் வீட்டு வளவு எது என்று தெரியாது.

வியாழன் வந்தார். தாழப் பறந்தார்.

வளவு தெரிந்தது... வீட்டுக்குப் போகிற ஒழுங்கை தொடங்குகிற இடத்திலிருந்து வாசல் படலைவரை, இரண்டு பக்கக் கல்வேலியிலும் வெள்ளைத் துணி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு வெள்ளை கட்டுவது செத்தவீட்டுக்கு.

"அம்மா போயிட்டா எண்டு நினைச்சன்" என்றார் ஐயா. "எப்பிடித் திரும்பிப் போய் இறங்கினனான் எண்டு எனக்குத் தெரியாது."

ஊருக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்தார். அடுத்தநாள் காலையும் அவருடைய முறைதான். அம்மா போயிட்டா, என்னாலை ஏலாது என்று அதிகாரியிடம் சொன்னார். அவருடைய விமானத்தில் டொம் என்ற வெள்ளைக்காரப் பெடியன் ஏறினான். ஏறும்போது தோளில் தட்டி, நீ போய் அழு, நான் பார்க்கிறேன் என்றானாம். சிரித்த முகம்.

மத்தியானமாகியும் விமானம் வரவில்லை. எண்ணெய் முடிகிற நேரமும் கடந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

பின்னேரம் ஒரு சைக்கிள் வந்தது. தந்தி.

"அம்மா சுகம். அடையாளத்துக்கு விரித்த வெள்ளை கண்டனியா?"

வீடு தெரிய வேண்டுமே என்று அந்த மனுஷி அயலெல்லாம் வேட்டியும் வெள்ளைச் சீலையும் இரவல் வாங்கி விரித்திருக்கிறார். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு வெள்ளை கட்டினனியோ" என்று பெரிய மாமன் ஏசிய பிறகுதான் அவருக்கு விளங்கியதாம். அள்ளிக்கொண்டு ஓடினாராம். அதற்குள் மகன் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஐயா அடுத்த கிழமையே ஏறினார். பிறகு ஒரு ஆயுள் முழுக்கப் பறந்தார். நெடுந்தீவுக்கு மேலால் மட்டும் இல்லை. விலகிப் போனால் எண்ணெய் கூடச் செலவு என்று கொம்பனி கடிதம் எழுதும்... இவர் விலகித்தான் போவார்.

லண்டன் ஓட்டம் கிடைக்கும்போதெல்லாம் டொம்மின் தாய் வீட்டுக்குப் போவாராம். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாராம்.

"என்ன கதைப்பியள் ஐயா?"

"மழை பற்றி."

பிறகு சொன்னார்: "ஒருக்கா மட்டும் கேட்டவ. அண்டைக்கு அது ஆருடைய முறை எண்டு."

"என்ன சொன்னியள்?"

"தெரியாது எண்டிட்டன்."

அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. எனக்கே ஆச்சரியம்.

போன கிழமை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குரல் நன்றாகக் குறைந்திருந்தது. குனிந்துதான் கேட்க வேண்டும்.

"நான் போனாப் பிறகு அதை எழுதும்."

"நானோ ஐயா? எத்தினை பெரிய மனுசர் இருக்கினம்..."

"அவையள் என்னைப் புகழுவினம். உமக்கு வாய் நிக்காது. அதுதான் உம்மட்டைச் சொல்லுறன்."

டொம்மின் தாய் போய் எத்தனையோ வருஷம் இருக்கும். அந்த வீட்டில் இப்போது யாரோ.

இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அம்மா, அன்றைக்கு அது கப்டன் ஐயாவுடைய முறை.

போயிட்டு வாங்கோ ஐயா.