சிம்னியில அடைச்ச சாக்கு

மலையில, கலஹா ஊருக்கு மேல ஒரு பழைய குவார்ட்டஸ் வீட்டுல நானும் அக்காவும் இருக்கோம். ஹால்ல குளிர் காயுறதுக்கு சுவத்தோட கட்டின விறகு அடுப்பு ஒன்னு இருக்கு. சிம்னி வழியா வவ்வால் வருதுன்னு அதுக்குள்ள ஒரு சாக்க அடைச்சேன். அப்புறம் மறந்துட்டேன்.

போன மழைக்கு, ஒரு மத்தியானம், அந்த அடுப்ப பத்த வச்சோம். மொதல்ல புகைஞ்சுச்சு. விறகு கங்கானதும் புகை நின்னுருச்சு. இனி பயமில்லன்னு கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தினோம்.

"தல பாரமா இருக்குடா"ன்னு அக்கா சொன்னா.

"உள்ள ஒன்னுமே இல்லையே, எப்படி பாரமாகும்?"னு கேட்டுட்டு, நான் மாட்டுக்குப் புல்லு போடப் போயிட்டேன்.

நான் திரும்பி வந்தா, அக்கா கதிரையில சாஞ்சு கெடக்கா. "மகாராணிக்கு அதுக்குள்ள தூக்கமா? வாய மூடுங்க, ஈ போயிரும்"ன்னேன். பதில் இல்ல. ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு திருப்பித் தர்றவ அவ. தோள உலுக்கினேன், கை தொப்புன்னு விழுந்துச்சு.

இழுத்துக்கிட்டுப் போய் வெளிய மழையில கெடத்தினேன். கொஞ்ச நேரங்கழிச்சு வாந்தி எடுத்தா. எனக்கு அழுகையும் வரல, பயமும் வரல. மரத்துப் போய் நின்னேன்.

"கங்குல இருந்து வர்ற நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாது தம்பி, மணமும் இருக்காது. போற வழிய அடைச்சா வீட்டுக்குள்ளயே நிக்கும்"ன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு.

சாக்க எடுத்துட்டு சிம்னி உச்சியில கம்பி வலை அடிச்சிருக்கேன். பத்த வைக்க முன்ன டோர்ச் அடிச்சு மேல பாப்பேன். ஒரு ஜன்னல் எப்பவும் தொறந்தே இருக்கும். "குளிருது, சாத்துடா எரும"ன்னு அக்கா கத்துவா. கத்தட்டும். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு நிம்மதி.