குடிக்கிற மருந்தும் அடிக்கிற மருந்தும்: உடுமலை வழியே மூணாறு

1958 பிப்ரவரி 11, காலை ஐந்தேகால். பாலக்காட்டில் ரத்தம் சோதிக்கும் வேலை எனக்கு; பஸ் ஏறும்போது கையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே பஞ்சு சுற்றிய சோதனைக்குழாய்கள் பதினெட்டு. மூணாறுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் செல்லையா என்ற தொழிலாளிக்கு மறுநாள் எட்டு மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்குள் அவர் ரத்தத்தைச் சோதித்துச் சொல்ல வேண்டும்.

காரணம், சக்சினில்கோலின் என்ற புது ஊசி. தசைகளைத் தளர்த்தும், மூச்சையும் நிறுத்தும். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும், ஏனென்றால் அது எஸ்டர் வகை மருந்து. ரத்தத்திலுள்ள ஒரு என்சைம் அதை வெட்டிப் போட்டுவிடுகிறது. என்சைம் குறைந்தால் மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. அங்கே செயற்கை மூச்சுக்கு ஒரு ரப்பர் பையும் டாக்டரின் கையும்தான்.

பொள்ளாச்சி வரை 28 மைல், உடுமலைப்பேட்டைக்கு இன்னும் 18. பஸ் கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். “ஏனுங்க, முட்டைங்களா?”

“கண்ணாடி.”

“அப்பப் பின்சீட்டுக்குப் போயிராதீங்க. அங்க ஆளே ஒடஞ்சு போயிருவாருங்க.”

உடுமலையிலிருந்து காட்டு வழியே மூணாறுக்கு 54 மைல், ஐந்து மணி நேரம். அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறி, இரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒப்பிடுவதற்கு ஊழியர் ஐந்து பேரிடமும் ரத்தம் எடுத்தேன். குழாயில் எஸ்டரும் நீலச் சாயமும் இருக்கும்; என்சைம் எஸ்டரை வெட்டினால் அமிலம் வரும், நீலம் மஞ்சளாகும். ஐந்தும் மஞ்சளாயின. செல்லையாவுடையது நீலமாகவே நின்றது. மறுபடி செய்தேன். நீலம்தான்.

பரம்பரைக் குறையா, வேறு ஏதாவதா? அவர் மனைவி பேச்சியைக் கேட்டேன். “வீட்டுக்காரர் மருந்து ஏதாவது எடுக்கிறாரா?”

“ரெண்டு வாரமா மருந்துதான்யா. விடிஞ்சா மருந்து.”

“டாக்டர்கிட்ட ஏன் சொல்லல? யார் கொடுத்தது?”

“கண்டக்டரய்யாதான்.”

நான் அறிந்த கண்டக்டர் டிக்கெட் கிழிப்பவர். கத்திவிட்டேன். “கண்டக்டர் குடுத்தா வாங்கிக் குடிப்பீங்களா? புத்தி இருக்கா?”

அவர் அசரவில்லை. “யய்யா, குடிக்கிற மருந்து இல்ல, அடிக்கிற மருந்து. செடிக்கு. மலையில வேல வாங்குவாருல்லா, அந்தக் கண்டக்டரு. முதுகுல டப்பாவக் கட்டிக்கிட்டு அடிக்காக; சட்டையெல்லாம் நனைஞ்சுதான் வருவாக. படிச்சவுகளுக்கு இது தெரியாதாக்கும்?”

தெரியும். சில பூச்சி மருந்துகள் இதே என்சைமைத்தான் முடக்கும் என்று படித்திருக்கிறேன். கேட்கத்தான் தோன்றவில்லை. டாக்டர் உடனே ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளினார். மருந்தடிக்கும் வேலையிலிருந்தும் செல்லையாவை எடுக்கச் சொன்னார். “நல்லவேளை அந்தம்மா வாயைத் திறந்தாங்க,” என்றார். என் நன்றியும் பேச்சிக்குத்தான்.

போகிறவர்களுக்கு: உடுமலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மறையூர் வரை ஒன்றும் கிடைக்காது. பஸ் கட்டணம் மொத்தம் மூன்றரை ரூபாய். கம்பளி அவசியம். இனி நான் செய்யப்போவது:

1. யாரைக் கேட்டாலும் “குடிக்கிறதா, அடிக்கிறதா?” என்று சேர்த்துக் கேட்பேன்.
2. மருந்தடிக்கும் மற்றவர்களின் ரத்தத்தையும் சோதிப்பேன்.
3. ஆறு வாரம் கழித்துச் செல்லையாவுக்கு மறுசோதனை. குழாய் மஞ்சளானால்தான் ஆபரேஷன்.
4. பேச்சியிடம் மன்னிப்புக் கேட்பேன். அன்று கேட்காமலே ஜீப்பில் ஏறிவிட்டேன்.