எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஜப்பான்காரர்

என் தம்பி வேலை பார்த்த கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் சேதியே இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு ஜப்பான் கம்பெனியின் சரக்குக் கப்பலில் அவன் சமையல்கட்டு ஆள். அப்பா இல்லாத வீடு. திருத்தணி மலையடிவாரத்தில் அம்மாவுக்குத் தேங்காய், கற்பூரக் கடை. எனக்குத் தாலுக்கா ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. கம்பெனியின் மெட்ராஸ் ஏஜென்டுக்கு ட்ரங்கால் போட்டுக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். "விசாரிச்சிகினு இருக்கோம்மா" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும்.

அம்மா சோற்றை விட்டுவிட்டாள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் அரிசியைத் தொடமாட்டேன் என்று மலையேறிப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வந்தாள். கேழ்வரகுக் கூழில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டாள். நான் திட்டினேன், அழுதேன். கல்லோடு பேசலாம், என் அம்மாவோடு பேச முடியாது.

ஒருநாள் ஏஜென்டே ஆள் அனுப்பினார். ஜப்பானிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வந்திருக்கிறாராம். மறுநாள் மத்தியானம் மெட்ராஸில் இன்ன ஓட்டலுக்கு வரவேண்டுமாம். என்ன சேதி என்று கேட்டேன். வந்தவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான்.

அந்த ஓட்டல் வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவன் எங்களுக்குச் சலாம் வைத்துக் கதவைத் திறந்தான். அம்மா பயந்துபோய்ப் பதிலுக்குக் கும்பிட்டாள். உள்ளே மத்தியானத்திலேயே கர்ப்பக்கிரகம் மாதிரி இருட்டு. இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கட்டியவர்களுக்கு ஒரு நல்ல பல்பு போட மனசு வரவில்லையா என்று எரிச்சலாக வந்தது. உண்மையில் எனக்கு எல்லாவற்றின் மீதும் எரிச்சல். பயம் வெளியே தெரியாமல் இருக்க எரிச்சல் உதவியது.

அதிகாரி தலை நரைத்தவர். எங்களைக் கண்டதும் எழுந்து இடுப்புவரை குனிந்தார். பக்கத்தில் ஏஜென்ட். "உக்காருங்கம்மா. ஜப்பான் சமையல்தான், ஆனா நம்ம ருசிக்குத் தக்க மாத்தி செய்றாங்க. மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசலாம்."

"என் புள்ள எங்கங்க?" என்றாள் அம்மா.

"சாப்புடுங்கம்மா. பேசலாம்."

சூடான ஈரத் துண்டு கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். கறிவேப்பிலை மிதக்கும் ஒரு சூப்பு வந்தது. மிளகாய்ப் பொடி தூவிய இறால் வறுவல், பச்சை மீனைப் போர்த்திய சோற்று உருண்டைகள், ஓரத்தில் பச்சையாக ஒரு துவையல், சாப்பிட ஆளுக்கு இரண்டு குச்சி. எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அம்மா எதையும் தொடவில்லை. அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குச்சியை எடுத்தார். ஒரு உருண்டையை வாயில் வைத்து மென்றார், விழுங்கினார்.

அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். "பாப்பா, அவரு சாப்புட்றாரு!"

எனக்கும் அந்த நொடியில் உறைத்தது. எங்கள் பக்கத்தில் சாவு சேதி சொல்ல வருகிறவன் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பிவிடுவான். வந்த சொந்தக்காரன் காபி வேண்டாம் என்றாலே யார் போனது என்றுதான் முதலில் கேட்போம். இவரோ எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்!

"கீறான், என் புள்ள உசுரோட கீறான்" என்று அம்மா முனகினாள். குச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கையாலேயே அந்தச் சோற்றை எடுத்து வாயில் போட்டாள். மீன் பச்சை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவே இல்லை. "இதத்தான் எம்புள்ள அங்க ஆக்கிப் போட்றானா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் பசி எடுத்தது, நானும் சாப்பிட்டேன். வீட்டில் விருந்தாளிக்குச் செய்வது போல அம்மா ஒரு இறாலை எடுத்து அதிகாரியின் தட்டில் வைத்தாள். "சாப்புடு நைனா, நல்லா சாப்புடு." அவர் தலை நிமிராமல் அதைச் சாப்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. "அந்தப் பச்சத் துவையலு காரம் போல. தண்ணி குடுக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அதிகாரி எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். அம்மா பதறவில்லை. பெரியவர்கள் காலில் விழுகிறவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். குனிந்து இரண்டு கையையும் அவர் தலையில் வைத்து, "நல்லா இரு நைனா, புள்ள குட்டியோட நூறு வயசு இரு" என்று ஆசீர்வாதம் செய்தாள்.

ஏஜென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அம்மா, கப்பல் முழுகிடுச்சும்மா. ஒருத்தர்கூடப் பொழைக்கல. வயித்துக்கு எதனா போவட்டும்னுதான் முன்னாடியே சொல்லல."

"உடம்பு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே கெடைக்கலம்மா."

அம்மாவின் கைகள் இன்னும் அந்த மனிதரின் தலையில்தான் இருந்தன. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

திரும்புகிற ரயிலில் அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். அரக்கோணம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சாவு சேதின்னு நெஜமா தெரிஞ்சிருந்தா நம்மகூட உக்காந்து சாப்ட்டிருப்பாரா? அவருக்கே உறுதியா தெரியாது பாப்பா. உடம்பும் கெடைக்கலன்றாங்க. எங்கியோ கர ஏறியிருப்பான். கீறான், இல்ல?"

கைகளை அவள் மடியில் எடுத்து வைத்தவள் நான். உடம்பைப் பற்றிக் கேட்டவளும் நான்தான். அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஆங்மா, கீறான்" என்றேன். சொன்னபோது நானும் நம்பினேன். நம்பாமலிருந்தால் அந்த ரயிலிலிருந்து குதித்திருப்பேன்.